பதினேழாவது வாத்து

இருபத்திரண்டு வருடங்களாக அவள் வாத்து வரைந்து பிழைத்தாள். வாத்து மட்டும் என்று சொல்ல முடியாது. குடை, மீன், பொத்தான், பலூன், நத்தை என்று சின்னப் பிள்ளைகள் விரல் வைத்து எண்ண என்னென்ன வேண்டுமோ அத்தனையும் வரைந்தாள். மழலையர் வகுப்புக்குப் பயிற்சிப் புத்தகம் போடும் சின்னப் பதிப்பகம் அது. கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம், முதல் மாடியில் முதலாளி, இரண்டாம் மாடியில் சன்னலோரமாக அவளுடைய மேசை. அங்கே அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு வெகுகாலமாகிறது. படக்காரம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும்.

படத்தோடு புள்ளி எண்களும் அவள் வேலைதான். குழந்தை பென்சிலை எங்கே வைத்து ஆரம்பிக்க வேண்டுமோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி, எந்தப் பக்கம் இழுக்க வேண்டுமோ அந்தப் பக்கம் ஒரு குட்டி அம்புக்குறி. எட்டுக்கு இடுப்பு எங்கே ஒடியும், ஒன்பதுக்குக் கால் எவ்வளவு நீளம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அந்தப் புள்ளிகளின் மேல் ஒரு குழந்தை பென்சில் ஓட்டி அவள் பார்த்தது கிடையாது. புத்தகங்கள் கட்டுக்கட்டாக வண்டியேறிப் போகும். அப்புறம் அவற்றுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் வந்து சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் இரண்டு முறை கூடிவந்து இரண்டு முறையும் தட்டிப்போனது. பிறகு பேச்செடுக்கவும் ஆளில்லை. அவளும் தங்கையும்தான் பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கைக்கு வாய் ஓயாது. பல் தேய்க்கும்போதுகூட ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தத் தங்கை நாற்பத்தொரு வயதில், உறவுக்காரர்கள் எல்லாரும் கைகழுவிவிட்ட பிறகு, ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். வழியனுப்ப வராதே, நீ அழுவாய், உன்னைப் பார்த்து நானும் அழுவேன், பேசாமல் வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டாள். அவளும் வேலைக்குத்தான் போனாள்.

அதிலிருந்து வீட்டில் குழாய்ச் சத்தமும் சன்னல் கதவுச் சத்தமும்தான். வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை வரை அவள் வாயைத் திறக்க வேண்டிய காரியமே இருக்காது. திங்கட்கிழமை பேருந்தில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும்போது குரல் கரகரவென்று, துருப்பிடித்த கீல் மாதிரி வரும். நடத்துநர் ஒருமுறை, "தொண்டை சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

தங்கை போய் ஒன்பது மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது.

பதிப்பகத்துக்கு வரும் கடிதங்களை முதலில் பிரிப்பவர் பிழைதிருத்துபவர். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது என்பதால் அவருக்கு ஒற்று சார் என்று பெயர். அவர் கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் படித்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

"எண்கள் ரெண்டாம் புத்தகத்துல இருபத்து மூணாம் பக்கம் எடுங்கம்மா," என்றார்.

எடுத்தாள். மேலே பெரிதாக 16. பக்கத்தில் பதினாறு என்று எழுத்தில். கீழே குளத்தில் வாத்துகள். அதற்கும் கீழே, 'வாத்துகளை எண்ணிக் கட்டத்தில் எழுதுக' என்ற வரி. ஒற்று சார் ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். அவளும் கூடவே எண்ணினாள். இரண்டு பேரும் கடைசி வாத்தில் வந்து நின்றார்கள். பதினேழு.

"மூணு தடவை ஒவ்வொரு எழுத்தையும் பாத்திருக்கேன். வாத்தை எண்ணணும்னு தோணவே இல்ல," என்றார் அவர். "வாத்து மடையன்னு சும்மாவா சொன்னாங்க."

கடிதம் எழுதியவர் நான்கு நிறுத்தம் தள்ளியிருந்த ஒரு மழலையர் பள்ளியின் வகுப்பு டீச்சர். கோபமாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்லியிருந்தார். அவர் ஒரு மாதம் விடுப்பில் இருந்தபோது பதிலுக்கு வந்தவர் இந்தப் பக்கத்தை நடத்தியிருக்கிறார். வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தேழு பேர் மேலே போட்டிருந்த எண்ணைப் பார்த்துப் பதினாறு என்று எழுதிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் உண்மையாகவே எண்ணிப் பதினேழு என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் குறுக்குக் கோடு. மறுபடி எண்ணு என்றதற்கு மறுபடியும் பதினேழு. மூன்றாவது முறையும் அதே. ஒரே வாத்தை இரண்டு தடவை எண்ணுகிறாய் என்று சொல்லி, ஒரு பக்கம் முழுக்கப் பதினாறு எழுத வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தக் குழந்தை பத்துக்கு மேல் எண்ணுவதில்லை. பத்து வந்ததும் நிறுத்தி டீச்சர் முகத்தைப் பார்க்கிறாள். முகத்தில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று தேடுவது போல. இதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் தெரியப்படுத்த வேண்டும் என்று தோன்றியது என்று கடிதம் முடிந்திருந்தது.

முதலாளி அதை நின்றபடியே படித்தார். அடுத்த பதிப்பில் ஒரு வாத்தை எடுத்துவிட்டால் போயிற்று, அந்தப் பள்ளிக்கு ஒரு கட்டுப் புத்தகம் இலவசமாக அனுப்பிவிடலாம் என்றார். குழந்தைக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்று அவள் கேட்டாள்.

"எழுத்துல குடுக்காதம்மா. நாளைக்கு அதுவே நமக்கு வினையாயிடும்," என்றார் முதலாளி. "பிள்ளைங்க ரெண்டு நாள்ல மறந்துடும். நீ போட்டுக் குழப்பிக்காத."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. யார் கண்ணிலும் படாத ஒரு வாத்தை யாரோ ஒரு குழந்தை மூன்று முறை எண்ணியிருக்கிறது. சரியாக எண்ணியதற்குத் தண்டனையும் வாங்கியிருக்கிறது. எழுத்தில்தானே கொடுக்கக் கூடாது என்று நினைத்தாள். அடுத்த வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள்.

வகுப்பு டீச்சர் இளவயதுக்காரர். கடிதத்துக்குப் பதிலாக ஆளே வந்து நின்றதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்துவிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் விளையாடும் நேரம். அந்தக் குழந்தை மட்டும் உள்ளே இருந்தாள். ஒல்லியாக, கூர்மையான முகம், இறுகப் பின்னிய இரட்டைச் சடை. அவளுடைய அப்பா சாவி செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறார் என்றும், வீட்டில் குண்டூசி என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றும் டீச்சர் சொன்னார். இங்கேயும் அதே பெயர் ஒட்டிக்கொண்டதாம்.

பிள்ளைகளின் நாற்காலி முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் உட்கார்ந்ததும் அவளுக்கு முழங்கால் மோவாயை இடித்தது. பையிலிருந்து இருபத்து மூன்றாம் பக்கத்தை எடுத்து விரித்தாள். குண்டூசி அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"இந்த வாத்தெல்லாம் நான்தான் வரைஞ்சேன்," என்றாள் அவள். "தப்பு என்னோடது. இதுல பதினேழு வாத்து இருக்கு. நீ சரியாத்தான் எண்ணியிருக்க."

குழந்தை பக்கத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "அப்புறம் ஏன் பதினாறுன்னு போட்டீங்க?" என்று கேட்டாள்.

"பதினாறுதான் வரையணும். ஒண்ணு கூடிப்போச்சு."

"ஏன்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தங்கையின் விமானம் கிளம்பிய மதியத்தில் வரைந்த பக்கம் அது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். பதினாறையும் போட்டு முடித்தாயிற்று. பக்கத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தபோது இடது பக்க மேல் மூலை வெறிச்சென்று கிடந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பேனாவை எடுத்து அங்கே ஒன்றைப் போட்டாள். அவ்வளவுதான். இதை ஐந்தரை வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

"அந்த மூலை காலியா இருந்துச்சு," என்று விரலால் காட்டினாள்.

குண்டூசி எழுந்து வந்து அந்த மூலையைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"இதைத்தான் நான் முதல்ல எண்ணினேன்," என்றாள். "இது ஒண்ணு. கூடிப்போனது இது இல்ல." பிறகு விரல் பக்கத்தின் அடிக்கு இறங்கி வந்து, வலது கோடியில் புல்லுக்குள் பாதி மறைந்திருந்த வாத்தைத் தொட்டது. "இதுதான் பதினேழு."

அவள் இரண்டு வாத்துகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் கடைசியாகப் போட்டதை இந்தக் குழந்தை முதலாவதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இருவரில் யார் சொல்வதும் தப்பில்லை.

மன்னிப்புக் கேட்டாயிற்று, எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாள். ஆகவில்லை. டீச்சர் பன்னிரண்டு பொத்தான்களைக் கொண்டுவந்து கொட்டி எண்ணச் சொன்னபோது குண்டூசி பத்து வரை கடகடவென்று வந்தாள். பத்தில் நின்றாள். நிமிர்ந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுது என்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எழுதினால் தப்பாகிவிடும் என்றாள்.

வாசல் வரை வந்து வழியனுப்பிய டீச்சர், இருபத்தெட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார முடியவில்லை என்று வருத்தப்பட்டார். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தான் வந்து போகலாமா என்று அவள் கேட்டாள். கேட்டது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அப்படித் தொடங்கியது. வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குப் பேருந்து ஏறுவாள். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை நிறுத்தத்திலேயே நின்று நாலு வாய் போட்டுக்கொள்வாள். முதல் வாரம் ஐஸ் குச்சிகள் ஒரு பெட்டியும் ரப்பர் பேண்டுகளும் வாங்கிப் போனாள். பத்துக் குச்சியைச் சேர்த்து ஒரு கட்டு. அதற்கு மேல் உள்ளவை உதிரி. கட்டு ஒன்று, உதிரி மூன்று என்றால் பதிமூன்று. பத்தைத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டாம், அது கட்டிலேயே பத்திரமாக இருக்கும் என்று விளக்கினாள்.

குண்டூசி கேட்டுக்கொண்டாள். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றி, குச்சிகளை மேசையில் பரப்பி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினாள். சரியாக இருந்தது. மறுபடி கட்டச் சொன்னாள். கட்டியதும் மறுபடி அவிழ்த்தாள்.

மற்றவர்களாயிருந்தால் அலுத்துப்போயிருப்பார்கள். அவள் ஒவ்வொரு முறையும் கட்டிக் கொடுத்தாள். பத்து என்று பெரியவர்கள் சொன்னால் பத்தாக இருக்க வேண்டியதில்லை என்று இந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தது அவளுடைய வாத்துதானே. அவிழ்த்துப் பார்க்கட்டும். மூன்று வாரம் இதே வேலைதான் நடந்தது. நான்காவது வியாழக்கிழமை குண்டூசி கட்டைக் கையில் எடுத்து, ரப்பர் பேண்டை ஒரு முறை விரலால் சுண்டிப் பார்த்தாள். அவிழ்க்காமல் கீழே வைத்துவிட்டு உதிரிக் குச்சியைத் தொட்டு, "பதினொண்ணு," என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "பன்னெண்டு. பதிமூணு."

அன்று அலுவலகம் திரும்பும் பேருந்தில் அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டாள்.

எழுதுவது வேறு கதை. பென்சிலை எடுக்கத் துணிந்த பிறகும், பதிமூன்று எழுது என்றால் குண்டூசி முதலில் பத்து எழுதுவாள், பக்கத்தில் மூன்று போடுவாள். 103. காதில் விழுவதை அப்படியே எழுதுகிறாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தப்பு என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது என்று படக்காரம்மா உறுதியாக இருந்தாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தடித்த அட்டையில் 10 என்று எழுதி வெட்டினாள். சைபர் அளவுக்கே சின்னச் சின்ன அட்டைகளில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதினாள். மூன்றை எடுத்து 10-இன் சைபர் மேல் வைத்தால் 13.

குண்டூசிக்கு ஒரு சந்தேகம். "முட்டை எங்க போச்சு?"

"போகல. உள்ளதான் இருக்கு. மூணு அது மேல உக்காந்திருக்கு."

குழந்தை மூன்றைத் தூக்கிப் பார்த்தாள். முட்டை இருந்தது. மூடினாள். தூக்கினாள். "அடைகாக்குது," என்றாள்.

அன்றைக்குத்தான் குண்டூசி சிரித்து அவள் முதன்முதலாகப் பார்த்தது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா எண்ணும் வரிசையாக முட்டை மேல் உட்கார்ந்து அடைகாத்தன. அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் இவளை வாத்து டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாத்தியார் என்பதிலேயே முக்கால் வாத்துதானே இருக்கிறது என்று வகுப்பு டீச்சர் சிரித்தார். அலுவலகத்தில் வந்து ஒற்று சாரிடம் இதைச் சொன்னாள். அவர் ரசித்துச் சிரித்துவிட்டு, "நடுவுல ஒற்று சரியா இருக்கு," என்றார். ஒரு நாளில் இரண்டு பேரோடு சிரித்தது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை செய்த உடம்பு வலி மாதிரி இருந்தது.

ஆனால் சனியும் ஞாயிறும் முன்னைவிடக் கனத்தன. முன்பெல்லாம் எதற்கும் காத்திருக்கவில்லை. அதனால் நாள் பாட்டுக்கு நாள் போயிற்று. இப்போது வியாழக்கிழமை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அதற்கு இன்னும் ஆறு நாள் என்று மனது கணக்குப் போட்டது. தங்கை மாதத்துக்கு இரண்டு முறை பேசுவாள். அவளுடைய வீட்டில் பின்னால் எப்போதும் ஏதாவது சத்தம், பாத்திரமோ தொலைக்காட்சியோ யாரோ கூப்பிடுவதோ. என்ன விசேஷம் என்று கேட்டால் இவள் குண்டூசியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவாள். "இரு அக்கா, ஒரு நிமிஷம்," என்று தங்கை போய்விட்டு வருவாள். வந்த பிறகு விட்ட இடத்தில் தொடர இரண்டு பேருக்கும் தெரியாது.

ஏழாவது வாரம் பத்தொன்பதில் வண்டி நின்றது.

ஒரு கட்டும் ஒன்பது உதிரியும் மேசையில் இருந்தன. குண்டூசி அழகாக வந்தாள். பதினாறு, பதினேழு, பதினெட்டு, "பதினொம்பது."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்திரண்டு வருடம் எண்களோடு குடும்பம் நடத்தியும் இது கண்ணில் பட்டதில்லை. பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று வந்தால் அடுத்தது பதினொன்பதாகத்தானே இருக்க வேண்டும்? குழந்தை சொல்வதில் என்ன பிசகு? ஆனால் ஊர் உலகம் பத்தொன்பது என்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு வகுப்பில் யாராவது சிரிப்பார்கள். சொன்னாலோ, சரியாக யோசித்த குழந்தையை மறுபடியும் தப்பு என்று சொன்ன கதையாகும்.

ஒன்பது உதிரியையும் வரிசையாக்கிக்கொண்டே சொன்னாள். "எண்ணினது சரி. பேரு மட்டும் பத்தொம்பது."

"பத்தெட்டுன்னா சொல்றோம்?" என்றாள் குண்டூசி. "பதினெட்டுதானே?"

"ஆமா. ஆனா இதை மட்டும் அப்படிச் சொல்ற வழக்கமில்ல."

குழந்தையின் முகம் மெல்ல மூடிக்கொண்டது. "நீங்களும் அந்த டீச்சர் மாதிரியே சொல்றீங்க," என்றாள். குச்சிகளைப் பெட்டிக்குள் போட்டாள், கட்டை அவிழ்க்காமலேயே. மணி அடிக்கும் வரை சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை கோபித்துக்கொண்டதற்கு இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த வியாழக்கிழமை முதலாளி அவசர வேலை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். போகாமல் இருக்க அதுவே நல்ல சாக்கு என்று ஒரு கணம் தோன்றியது. பன்னிரண்டரைக்கு எழுந்துகொண்டாள். வந்து முடித்துக் கொடுக்கிறேன் என்று அவரிடம் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, போய் வாம்மா என்றார்.

குண்டூசி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எங்க அப்பாகிட்ட கேட்டேன்," என்றாள், மூச்சு வாங்க. "சாவியை எண்ணச் சொன்னேன். பத்தொம்பதுன்னுதான் சொன்னாரு. மாடி வீட்டு அக்காவும் அப்படித்தான் சொல்றாங்க. பஸ் ஓட்டுற மாமாவும். தபால்காரர்கிட்டயும் கேட்டுட்டேன்."

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் தப்பாத்தான் சொல்றாங்க," என்றாள் குண்டூசி. பெருமூச்சு ஒன்று விட்டாள். "பரவால்ல. நானும் அப்படியே சொல்லிக்கிறேன். இல்லன்னா அவங்களுக்குப் புரியாது."

உள்ளே போய் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலேயே பென்சிலை எடுத்தாள். பதினொன்றிலிருந்து எழுதினாள். நாக்கு ஒரு பக்கமாக வெளியே வந்திருந்தது. ஏழு திரும்பி நின்றது. அதை அவளே கண்டுபிடித்து அழித்து நேராக்கினாள். எட்டின் இடுப்பு ஒடிய வேண்டிய இடத்தில் ஒடியவில்லை. ஆனால் ஒன்பது எண்ணும் ஒரே வரியில் வந்து நின்றன. கடைசியில் இருபது போட்டு, "ரெண்டு கட்டு," என்று தானாகவே சொல்லிக்கொண்டாள். எழுதி முடிக்கும் வரை ஒரு தடவைகூட நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாத்து டீச்சர் என்று பெயர் வாங்கியவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, ஒரு குழந்தையின் பென்சில் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிவப்புப் புள்ளி வைக்கும் இடத்தில் அது ஆரம்பிக்கவே இல்லை. அம்புக்குறி சொல்லும் பக்கமும் போகவில்லை. எப்படியோ போய், எண்ணாகத்தான் வந்து நின்றது.

இரண்டு வாரம் கழித்து அவள் போனபோது வகுப்பறை காலியாக இருந்தது. முற்றத்தில் பிள்ளைகள் கைகோத்து வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு உரக்க எண்ணிக்கொண்டிருந்தது குண்டூசிதான். இருபதைத் தாண்டிவிட்டிருந்தாள். நான் போய்க் கூப்பிடுகிறேன் என்று டீச்சர் கிளம்பினார். அவள் டீச்சரின் கையைப் பிடித்து நிறுத்தி வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் தூணோரம் நின்று பார்த்தாள். குண்டூசியும் ஒரு தரம் இந்தப் பக்கம் பார்த்தாள், கையசைத்தாள், மறுபடி ஓட்டத்தில் கலந்துவிட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்காகத்தானே இத்தனை வியாழக்கிழமை. இருந்தாலும் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றபோது அவளுக்குக் கண்ணைக் கரித்தது. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

புதிய பதிப்புக்கான வேலை வந்தது. ஒரு வாத்தைக் குறைத்தாள். எல்லாப் பக்கத்தையும் ஒற்று சாரோடு உட்கார்ந்து வாய்விட்டு எண்ணினாள். பள்ளிக்குப் போவது நின்று, மேசை, சன்னல், குழாய்ச் சத்தம் என்று பழையபடி ஆயிற்று. வியாழக்கிழமை மதியம் மட்டும் அறையில் உட்காரப் பிடிக்காமல் வெளியே போய்த் தெருக்கோடிப் பூங்காவில் சாப்பிட்டாள். பக்கத்து இருக்கையில் ஒருவர் நாளிதழ் படித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

அடுத்த வருட வகுப்புகள் தொடங்கிய சமயம் அலுவலகத் தொலைபேசியில் அவளுக்கு அழைப்பு வந்தது. அவளுக்கென்று அங்கே யாரும் அழைத்ததில்லை என்பதால் முதலாளியே மாடியேறி வந்து சொன்னார். வகுப்பு டீச்சர்தான். புதிதாக ஒரு குழந்தை சேர்ந்திருக்கிறதாம். பேசவே மாட்டேன் என்கிறதாம். எண்கள் என்றாலே மேசைக்கு அடியில் போய்விடுகிறதாம். வர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடிக்கும் முன்பே அவள் சரி என்றாள்.

அன்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டே போனாள். டீச்சர் வகுப்பறையின் மூலையைக் கண்ணால் காட்டிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு முற்றத்துக்குப் போனார். மேசைக்கு அடியில் இரண்டு சின்னக் காலணிகள் மட்டும் தெரிந்தன. ஒன்றின் வார் அவிழ்ந்திருந்தது.

அவள் நாற்காலியை எடுக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். வார் அவிழ்ந்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. பையிலிருந்து குச்சிகளை எடுத்துத் தன் பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று மெல்ல வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். பத்து வந்ததும் ரப்பர் பேண்டு போட்டாள். ஒரு காலணி கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியது. அவள் அடுத்த குச்சியை எடுத்தாள்.